மகளுக்கு ஒரு நல்ல கண் மருத்துவர்

என் மகளுக்கு நான்கரை வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் என் மாமியார் அவளோடு கண்ணாமூச்சி விளையாடிக்கொண்டிருந்தார். கண்ணைக் கட்டத் துணி எதுவும் கைக்கு அகப்படாததால், தம் உள்ளங்கையால் பிள்ளையின் ஒரு கண்ணை மட்டும் பொத்தி, “இது எத்தனை விரல், சொல்லு பார்ப்போம்” என்று விளையாட்டை மாற்றிக்கொண்டார். இடக்கண்ணைப் பொத்தியபோது சிரித்துக்கொண்டே பதில் சொன்னவள், வலக்கண்ணைப் பொத்தியதும் பாட்டியின் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள். மூன்று முறை செய்து பார்த்தும் அப்படியேதான் நடந்தது. “வலப்பக்கம் பொத்தினா மட்டும் பிள்ளைக்குக் கோபம் வருதும்மா, என்னான்னு பாரு” என்று அவர் சமையலறைக்கு வந்து சொன்னபோது, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று இரவு, அவள் தூங்குவதற்கு முன் நானே ஒரு முறை பொத்திப் பார்த்தேன். என் கையையும் அவள் அதே வேகத்தில் தள்ளிவிட்டாள்.

அதுவரை அவள் பார்வையில் குறை இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அவள் எதிலும் இடித்துக்கொண்டதில்லை, தொலைக்காட்சிக்கு அருகில் போய் உட்கார்ந்ததில்லை, தரையில் கிடக்கும் சிறு மணியைக்கூடக் குனிந்து எடுத்துவிடுவாள். ஒரு கண் நன்றாக இருந்தால் பிள்ளை அந்தக் கண்ணைக் கொண்டே எல்லாவற்றையும் சமாளித்துவிடும் என்பதும், பிறந்தது முதல் அப்படியே பார்த்துப் பழகிய பிள்ளைக்குத் தனக்கு ஒன்று குறைகிறது என்று சொல்லத் தெரியாது என்பதும் எனக்குப் பின்னால்தான், அவளுடைய இடக்கண்ணில் ‘சோம்பேறிக் கண்’ எனப்படும் குறை இருப்பது தெரிந்தபோதுதான், புரிந்தன.

அடுத்த வாரம் ஒரு பேரங்காடியில் இருந்த கண்ணாடிக் கடைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த இளைஞர் அவளை ஓர் இயந்திரத்தின் முன் உட்காரவைத்து, உள்ளே தெரிந்த வெப்பக்காற்றுப் பலூனைப் பார்க்கச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் ஒரு சிறு தாள் வெளியே வந்தது. இரண்டு கண்களிலும் சொல்லிக்கொள்ளும்படி பவர் இல்லை என்றும், ஏழு வயதில் வந்து பார்த்தால் போதும் என்றும் அவர் சொன்னார். நல்ல செய்தி என்பதால் நானும் கேள்வி கேட்காமல் நம்பிவிட்டேன். சிறு பிள்ளைகளின் கண்ணுக்குள் இருக்கும் வில்லைக்குச் சுருங்கி விரியும் ஆற்றல் மிக அதிகம். பிளஸ் பவர் எனப்படும் தூரப்பார்வைக் குறையைப் பிள்ளை தன்னை அறியாமலேயே அந்த ஆற்றலால் ஈடுகட்டிவிடும். ஆகவே, சொட்டு மருந்து போட்டு, வில்லையை இயக்கும் தசையைத் தளர்த்தாமல் எடுக்கும் அளவில், இருக்கும் பவர் இல்லாதது போலவோ குறைவாகவோ காட்டும் என்பதை எங்களுக்கு அன்று எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

பாட்டிதான் விடவில்லை. அவர் வற்புறுத்தியதால், ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரு கண் சிறப்பு மருத்துவரைப் பார்க்கச் சென்றோம். அவருடைய அறை வாசலில் காத்திருந்த அனைவரும் கண்புரைக்கும் நீரிழிவுக்கும் வந்திருந்த முதியவர்கள். பிள்ளை என்று இருந்தவள் என் மகள் ஒருத்திதான். இரண்டு மணி நேரம் காத்திருந்து, அவள் பசித்து, தூக்கம் சொக்கி, சிணுங்கத் தொடங்கிய நேரத்தில் உள்ளே அழைத்தார்கள். சுவரில் ஆங்கில எழுத்துகளைக் காட்டினார்கள். பாலர்பள்ளியில் அப்போதுதான் எழுத்துகளைக் கற்றுக்கொண்டிருந்தவள் வாயே திறக்கவில்லை. மருத்துவர் இரண்டு கண்களையும் ஒன்றாகத் திறந்திருக்கும்படியே டார்ச்சு அடித்துப் பார்த்துவிட்டு, பிள்ளை பயப்படுகிறாள், பள்ளிக்குப் போன பிறகு கூட்டி வாருங்கள் என்றார். ஆறு நிமிடத்தில் நாங்கள் வெளியே இருந்தோம். அவர் தம் துறையில் மிகவும் கெட்டிக்காரராக இருக்கலாம். என் அப்பாவின் கண்புரையை அவரிடம் காட்ட நான் இன்றும் தயங்கமாட்டேன். ஆனால் பாட்டி பொத்திப் பார்த்ததைப் போல ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அன்று தோன்றவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறாத குறை.

அதன் பிறகுதான் நான் உட்கார்ந்து, கண்ணைப் பார்ப்பவர்களில் யார் யார் என்ன செய்பவர்கள் என்று தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். நம் மக்கள் பொதுவாகக் கண்ணாடிக் கடையில் இருப்பவர் எல்லாரையும் ‘கண் டாக்டர்’ என்றே சொல்லிவிடுகிறோம். மலேசியாவில் 1991ஆம் ஆண்டு ஒளியியல் சட்டத்தின் கீழ், கண்ணாடி பொருத்தும் ஆப்டீஷியன் வேறு, பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுப் பார்வையைப் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் வேறு என்று இருவரும் தனித்தனியே பதிவு செய்யப்படுகிறார்கள். இவர்கள் இருவரும் மருத்துவர்கள் அல்லர். மருத்துவம் படித்து, அதன்மேல் கண் மருத்துவம் படித்தவரே கண் சிறப்பு மருத்துவர். அவர்களிலும் பிள்ளைகளின் கண்ணையும் மாறுகண்ணையும் மட்டும் மேலும் சில காலம் தனியாகப் பயின்றவர்கள் உண்டு. எங்களுக்குத் தேவைப்பட்டவர் அப்படிப்பட்ட ஒருவர். ஒருவர் உண்மையிலேயே பதிவு பெற்ற சிறப்பு மருத்துவர்தானா என்பதை, தேசியச் சிறப்பு மருத்துவர் பதிவேட்டின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டி எவரும் பார்த்துக்கொள்ளலாம். அதைப் பார்க்காமல், முகநூலில் யாரோ “ரொம்ப நல்ல டாக்டர்” என்று எழுதியதை வைத்துக்கொண்டு போவதை நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை.

எங்களுக்கு வழி காட்டியவர் மகளுக்குத் தடுப்பூசி போட்டுவந்த குழந்தை மருத்துவர். “நல்ல கண் மருத்துவர் யார்?” என்று நான் கேட்டிருந்தால் அவர் நான்கு பெயர்களைச் சொல்லியிருப்பார். நான், “உங்கள் பேத்தியாக இருந்தால் யாரிடம் கொண்டுபோவீர்கள், டாக்டர்?” என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்து, ஒரே ஒரு பெயரை எழுதி, பரிந்துரைக் கடிதமும் கொடுத்தார்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தனியாரிடம் போகாமலும் இந்தச் சிகிச்சையைப் பெற முடியும். வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) பிள்ளையைக் காட்டிக் கடிதம் வாங்கிக்கொண்டால், கோலாலம்பூர் மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போகலாம். குடிமக்களுக்கு அங்கே ஆகும் செலவு சில ரிங்கிட்தான். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் கண் பிரிவு இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை இருக்கிறது. கோலாலம்பூரிலேயே மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் நடத்தும் ஆப்டோமெட்ரி கிளினிக்கில், விரிவுரையாளர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் மிகவும் பொறுமையாகப் பரிசோதிக்கிறார்கள். அரசாங்க மருத்துவமனையில் முதல் சந்திப்புக்கான தேதி தள்ளிக் கிடைக்கக்கூடும் என்பது மட்டும்தான் யோசிக்க வேண்டியது. கடிதத்தில் ‘பிள்ளைக்கு நான்கு வயது, ஒரு கண்ணில் பார்வை குறைவு எனச் சந்தேகம்’ என்று வயதையும் காரணத்தையும் தெளிவாக எழுதித் தரும்படி கேட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் இந்தக் குறையில் வயதுதான் அவசரம்.

குழந்தை மருத்துவர் பெயர் எழுதிக்கொடுத்த அந்தக் கண் மருத்துவரைப் பற்றி விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு, பிள்ளை நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டு வரும் நேரமாகப் பார்த்துத்தான் அவருடைய கிளினிக்கில் நேரம் கொடுத்தார்கள். உள்ளே போனதும் அவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, பிள்ளையின் பக்கம் திரும்பாமலே என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். குறைமாதத்தில் பிறந்தாளா, குடும்பத்தில் யாராவது சிறு வயதிலேயே கண்ணாடி போட்டார்களா, ஒரு கண் எப்போதாவது உள்பக்கம் திரும்புகிறதா, புகைப்படத்தில் ஒரு கண்ணின் நடுவில் வெள்ளையாகத் தெரிந்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே, அவள் தலையை எந்தப் பக்கம் சாய்த்துப் பொம்மையைப் பார்க்கிறாள் என்பதை ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டும் இருந்தார். பத்து நிமிடம் கழிந்த பிறகு, அவளே அவருடைய மேசை அருகில் போய் நின்றாள்.

எழுத்துப் பலகை அங்கே இல்லை. ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் என்ற நான்கு படங்கள் மட்டும் கொண்ட அட்டை இருந்தது. லேயா ஹுவாரினன் என்ற பின்லாந்துக் கண் மருத்துவர் 1976இல் எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்காகவே உருவாக்கிய படங்கள் அவை. ஆப்பிளைப் பார்த்து என் மகள் “லவ்” என்றாள். நான் திருத்த வாயெடுத்தேன். மருத்துவர் என்னைக் கையமர்த்தி, “அவள் வைத்த பெயரே இருக்கட்டும், எல்லா அளவிலும் அதே பெயரைச் சொன்னால் போதும்” என்றார். பெயர் சொல்ல வெட்கப்படும் பிள்ளைகளுக்காக மடியில் வைத்துக் காட்டும் இன்னோர் அட்டையும் இருந்தது. தூரத்தில் தெரியும் படத்தை அதில் விரலால் தொட்டுக் காட்டலாம். மருத்துவர் சீனர், உதவியாளர் மலாய்க்காரர், பிள்ளைக்கோ தமிழ் மட்டும்தான் சரளம். அந்த நான்கு படங்களுக்கு முன்னால் அது ஒரு தடையாகவே இருக்கவில்லை.

இடக்கண்ணை ஒட்டுத் திட்டால் மூடி, வலக்கண்ணால் சிறிய வரிசைவரை படித்தாள். பிறகு வலக்கண்ணை மூடினார்கள். பெரிய படங்களில் ஒன்றிரண்டைச் சொன்னவள், அதற்குக் கீழே போனதும் திட்டைப் பிய்க்கப் பார்த்தாள். வலக்கண்ணில் 6/9, இடக்கண்ணில் 6/36. அதாவது, சரியான பார்வை உள்ளவர் 36 மீட்டர் தூரத்திலிருந்து பார்த்துவிடக்கூடிய ஒன்றை, என் மகளின் இடக்கண் 6 மீட்டர் அருகில் வந்தால்தான் பார்க்கிறது.

அடுத்து ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பெரிய ஈயின் படம். அதற்கென்று உள்ள கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால், இரு கண்களும் ஒத்து உழைக்கும் பிள்ளைக்கு ஈயின் சிறகுகள் தாளைவிட்டு எழும்பி நிற்பது போலத் தெரியும்; சிறகைப் பிடிக்கச் சொன்னால் விரல்கள் தாளுக்கு மேலே காற்றில் நின்றுவிடும். என் மகள் விரலை நேராகத் தாளின்மேல் வைத்து, வழவழப்பான பக்கத்தைத் தடவினாள். அவள் இந்த உலகத்தை இதுநாள்வரை இப்படித்தான், ஒரு படத்தைப் பார்ப்பது போலப் பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகே சொட்டு மருந்து. சைக்ளோபென்டோலேட் என்ற அந்த மருந்து சில நொடிகள் எரியும் என்பதை அவர் மறைக்காமல் பிள்ளையிடமே சொன்னார்: “ஷாம்பு கண்ணில் பட்டது போல இருக்கும், பத்து எண்ணினால் போய்விடும்.” இடைவெளி விட்டு இரண்டு முறை போட்டு, முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். கருமணி நன்றாக விரிந்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, ரெட்டினோஸ்கோப் என்ற கையடக்கக் கருவியால் ஒரு மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணின் குறுக்கே அசைத்தார். உள்ளிருந்து திரும்பிவரும் செந்நிற ஒளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றிப் பிடித்து, அந்த அசைவு நிற்கும் இடத்தில் பவரைக் குறித்துக்கொண்டார். பிள்ளை ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வலக்கண்ணில் பிளஸ் 1.25, இடக்கண்ணில் பிளஸ் 5.00. பேரங்காடி இயந்திரம் இல்லை என்று சொன்ன பவர் அது. கடைசியாக விழித்திரையையும் பார்த்து, அங்கே குறை ஒன்றும் இல்லை என்று உறுதி சொன்னார்.

இதற்கு ஆம்ப்ளியோபியா என்று பெயர். தமிழில் சோம்பேறிக் கண் என்கிறார்கள். மலாயில் மாத்தா மாலாஸ் என்று சொல்வதும் அதையேதான். எனக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. அதைப் பிள்ளையின் காதுபட யாரும் சொல்லக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். கண் சோம்பிக் கிடக்கவில்லை. இரு கண்களின் பவரும் பெரிதும் வேறுபடும்போது, ஒரு கண்ணிலிருந்து தெளிவான படமும் மறு கண்ணிலிருந்து மங்கலான படமும் மூளைக்குப் போகின்றன. மூளை மங்கலான படத்தை ஒதுக்கிவிட்டுத் தெளிவானதையே எடுத்துக்கொள்கிறது. அப்படியே ஆண்டுகள் போனால், அந்தக் கண்ணுக்கு உரிய பார்வை மூளையில் வளராமலே நின்றுவிடும். பிறகு எவ்வளவு சரியான கண்ணாடி போட்டாலும் அந்தக் கண் தெளிவாகப் பார்க்காது. சிகிச்சை ஏழு வயதுக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தருகிறது, பெரிய பிள்ளைகளுக்கும் ஓரளவு பலன் உண்டு என்றாலும். ஏழு வயதில் வாருங்கள் என்று எங்களிடம் சொல்லப்பட்டதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

முதல் நான்கு மாதங்களுக்குக் கண்ணாடி மட்டும். அதிலேயே இடக்கண் 6/18க்கு வந்தது. அதன் பிறகுதான் நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் மூடச் சொன்னார். ஆறு மணி நேரம் மூடினால் இன்னும் விரைவாகச் சரியாகாதா என்று நான் ஆவலோடு கேட்டேன். நடுத்தர அளவில் இந்தக் குறை உள்ள ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரமும் ஆறு மணி நேரமும் ஒரே அளவு பலனையே தந்தன என்று அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2003இல் காட்டியதை அவர் பொறுமையாக விளக்கினார். கூடுதலாகச் செய்வதுதான் அக்கறை என்று நினைக்கும் என்னைப் போன்ற ஒரு தாய்க்கு அந்த விளக்கம் தேவையாகவே இருந்தது.

கோலாலம்பூர் வெயிலில் அந்த ஒட்டுத் திட்டு படுத்திய பாடு கொஞ்சமன்று. மதியத்தில் ஒட்டினால் வியர்வையில் ஓரம் கிளம்பும். கிளம்பிய ஓரத்தின் வழியாக அவள் நல்ல கண்ணால் எட்டிப் பார்ப்பாள். ஆகவே மாலை குளித்தவுடன், முகத்தை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, விசிறிக்கடியில் உட்காரவைத்து ஒட்டினோம். கழற்றும்போது இமைமுடி வலிக்காமல் இருக்க, ஓரத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி மெல்ல உரிக்கக் கற்றுக்கொடுத்தவரும் பாட்டிதான். அந்த இரண்டு மணி நேரத்தில் மணி கோப்பது, வண்ணம் தீட்டுவது, கீரை ஆய்வது என்று கிட்டத்து வேலையாகவே அவளுக்குக் கொடுத்தோம். முதல் வாரம் அழுகைதான். மூன்றாம் வாரம் தன் பொம்மைக்கும் ஒரு திட்டு ஒட்டிவிட்டாள்.

கீரை என்றதும் நினைவுக்கு வருகிறது. பொன்னாங்கண்ணி கொடுத்தால் கண்ணாடியே வேண்டாம் என்று உறவினர் பலர் சொன்னார்கள். கீரையை நாங்கள் நிறுத்தவில்லை, உடம்புக்கு நல்லதுதான். ஆனால் இரண்டு கண்களின் பவர் வேறுபாட்டைக் கீரையாலோ கேரட்டாலோ சரிசெய்ய முடியாது. இன்னொன்று, நம் வீடுகளில் மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று சொல்லும் வழக்கம். கைக்குழந்தைக்கு முதல் சில மாதங்களில் கண்கள் அவ்வப்போது விலகுவது இயல்பு. அதன் பிறகும் ஒரு கண் திரும்பியே இருந்தால் அது காட்ட வேண்டிய குறை, ஏனென்றால் திரும்பிய கண்ணின் பார்வையும் இதே போல ஒதுக்கப்பட்டுவிடும். அதிர்ஷ்டம் என்று சொல்லும் பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு, மறுநாளே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். கருமணியில் வெள்ளையாக ஒளி தெரிந்தால் மறுநாள்வரைகூடப் பொறுக்க வேண்டாம். அது கண்ணுக்குள் வரும் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம், அந்த நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே வருகிறது.

தோழியர் என்னிடம் மருத்துவர் பெயரைக் கேட்கும்போது, நேரம் வாங்கத் தொலைபேசியில் அழைத்த உடனேயே சிலவற்றைக் கேட்டுவிடுங்கள் என்று சொல்கிறேன். டாக்டர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வாரந்தோறும் பார்க்கிறாரா, எழுத்துத் தெரியாத பிள்ளைக்குப் படம் வைத்துச் சோதிப்பார்களா, சொட்டு மருந்து போட்டுப் பவர் எடுப்பார்களா என்று கேட்டால், மறுமுனையில் இருக்கும் மிஸ்ஸி (தாதி) தயங்காமல் பதில் சொல்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். சொட்டு மருந்து போடுவார்கள் என்றால் அன்றைய நாளை வேறெதற்கும் ஒதுக்காதீர்கள். மறுநாள்வரை பிள்ளைக்கு வெளிச்சம் கூசும், கிட்டத்தில் மங்கும், ஒரு தொப்பி கையில் இருக்கட்டும். அறைக்குள் போன பிறகு, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்த்தாரா என்பதை மட்டும் கவனியுங்கள். மூடிப் பார்க்காமலே ‘எல்லாம் சரி’ என்று சொன்னால், மரியாதையோடு ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் வேறு மருத்துவரைத் தேடுங்கள்.

திட்டு ஒட்டத் தொடங்கி ஒன்பது மாதங்கள் கழித்து, மகளின் இடக்கண் 6/9க்கு வந்துவிட்டது. நிறுத்தினால் பார்வை மீண்டும் இறங்கக்கூடும் என்பதால் திட்டை ஒரேயடியாக நிறுத்தாமல் குறைத்துக்கொண்டு வருகிறோம்; கண்ணாடி தொடர்கிறது. போன முறை அந்த ஈப் புத்தகத்தை மறுபடியும் காட்டினார்கள். அவள் சிறகைப் பிடிக்கப் போய், விரல்களைத் தாளுக்கு மேலேயே நிறுத்தி, “அம்மா, இது கடிக்குமா?” என்று கேட்டாள்.

இந்தக் குறை குடும்பத்தில் அடுத்த பிள்ளைக்கும் வரக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருப்பதால், மூன்று வயது முடிந்த தம்பிக்கும் ஆண்டிறுதி விடுமுறையில் காலை ஒன்பது மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். அக்காவின் பழைய தொப்பியை எடுத்துத் துவைத்து வைத்துவிட்டேன்.